அப்பா தூக்கிய பச்சைக் கொடி

கனடாவில், விட்பியில் எங்கள் கேலிக் விளையாட்டுக் கழகத்தின் சரித்திரத்தை யார் சொன்னாலும் என் அப்பா அதில் ஒரு பகிடியாக வந்துவிடுவார். ஆண்டு விருந்தில் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் யாராவது பச்சைக் கொடிக் கதையைத் தொடங்குவார்கள். சிரிப்பில் மேசை குலுங்கும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் கட்டட வேலைக்கு வந்த ஐரிஷ்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஐஸ் ஹொக்கிப் பக்கம் போய்விட, சிறுவர் அணிக்கு ஆள் இல்லை. ஒரு ஞாயிறு பூசை முடிவில் பாதர் அதை அறிவித்தார். எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்குப் பீடத்திலிருந்து வரும் அறிவித்தல் வேண்டுகோள் அல்ல, கட்டளை. அடுத்த சனிக்கிழமையே அப்பா என்னையும் தம்பியையும் மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினார். மற்றத் தமிழ்க் குடும்பங்களும் அதையே செய்திருந்தன. ஒரே கிழமையில் ஐரிஷ் கழகம் பாதி தமிழாகிவிட்டது. கோச் வட அயர்லாந்தில் பிறந்த கிழவர். எங்கள் பெயர்களைச் சொல்ல அவர் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

கேலிக் என்கிற அந்த ஐரிஷ் கால்பந்து லேசானது. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் அடிக்கலாம். கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. கீழால் போனால் கோல், அது மூன்று புள்ளி. கம்பத்தடியில் வெள்ளைக் கோட் போட்டு நிற்கும் பெற்றோர் ஒருவர் கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் தூக்கவேண்டும். மிசிசாகா அணி எங்களோடு விளையாட வந்த அன்று, அங்கே நின்றவர் இடையில் வேலைக்குப் போகவேண்டி வர, கடைசி நிமிடங்களில் அந்தக் கோட் அப்பாவுக்கு வந்தது. கேட்டால் இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

அந்தப் பருவம் முழுக்க நான் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. தம்பிகூட எடுத்துவிட்டான். அன்று நாங்கள் ஒரு புள்ளி பின்னால் நின்றபோது பந்து என் கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். அது சட்டத்துக்கு மேலால், அப்பாவின் தலையைத் தாண்டிப் போனது. துள்ளிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா காலடியில் கிடந்த வெள்ளைக் கொடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பச்சையை எடுத்து அசைத்தார்.

மைதானம் அமளிப்பட்டது. மகளுக்காகத் தகப்பன் களவு செய்கிறான் என்று மிசிசாகாப் பெற்றோர் கத்தினார்கள். நடுவர் ஓடிவந்து, பந்து மேலாலா கீழாலா என்று கேட்டார். மேலால்தான் என்று அப்பா உடனே ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் வெள்ளையைத் தூக்குங்கள் என்றார் நடுவர். அப்பா பச்சையைக் கீழே வைத்தார், கோட்டைக் கழற்றினார், கார் நிறுத்திய பக்கம் நடந்துவிட்டார். வெள்ளைக் கொடியைக் கோச்தான் வந்து தூக்கினார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காரில் ஏறியதும் வெடித்தேன்.

"அப்பா, அது என்ட ஃபர்ஸ்ட் பொயின்ற்! அந்த வெள்ளையைத் தூக்க உங்களுக்கு ஏன் ஏலாது?"

அப்பா காரை எடுத்தார். முன் சீட்டில் இருந்த அம்மாதான் என் பக்கம் திரும்பினார்.

"வாயைப் பொத்திக்கொண்டு இரு பிள்ளை."

அடுத்த கிழமை கோச் அப்பாவை ஸ்கோர் போர்டுக்கு மாற்றினார். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதைத் தண்டனை என்றே நினைத்தேன். நன்றாக வேண்டும் என்று சந்தோஷமும் பட்டேன்.

நான் காரில் கேட்டதற்குப் பதில், பல்கலைக்கழகம் போன பிறகுதான் கிடைத்தது, அதுவும் அம்மாவிடமிருந்து. எங்கள் வீட்டில் படமாக மட்டும் இருந்த சித்தப்பா, இலங்கையில் போரின் கடைசி நாட்களில் சரணடைய வெள்ளைக் கொடியை உயர்த்திப் பிடித்தபடி ஆமியை நோக்கி நடந்தவர். திரும்பவில்லை.

"கொடியைத் தூக்கிக்கொண்டு போடா தம்பி, ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்" என்று விட்பியிலிருந்து தொலைபேசியில் அவருக்குச் சொன்னது அப்பா.