புதுத் தாழ்ப்பாள்

மருத்துவமனை நடையில் யாரோ பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், தல்லாகுளத்தில் எங்கள் தெருமுனையில் அப்போது இருந்த, இப்போது பைக் நிறுத்துமிடமாகிவிட்ட பெண்கள் பொதுக் கழிப்பறைக்குள் மறுபடி நின்றேன்.

அங்கே கதவுகளுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மாவும் தெருப்பெண்களும் கோரிக்கை மனுவோடு நடையாய் நடந்த பிறகு மாநகராட்சியில் இரும்புக் கதவும் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே, உள்ளே போய் ஆசையில் நான் தாழ்ப்பாளை ஓங்கி அடித்ததில், அது இறுகிக்கொண்டது. எனக்கு எட்டு வயது. சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது, குழாய் சொட்டுகிற சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது, கத்த வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கதவைப் படபடவென்று தட்டினேன்.

"அழாத தாயி, டீக்கடை அண்ணே கடப்பாரை எடுக்கப் போயிருக்காரு" என்றாள் வெளியே நின்ற அம்மா.

"எம்புட்டு நேரம்மா ஆகும்?" அப்போதுதான் குரல் வந்தது.

கதவுக்கடியில் இருந்த இடுக்கு வழியாக அம்மாவின் விரல்கள் உள்ளே நீண்டன. ஈரத்தரையில் உட்கார்ந்து, கதவைப் பெயர்க்கிறவரை அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரல்களைவிட அவளுடையவை அதிகமாக நடுங்கின.