வெள்ளை சாக்ஸில் ஒரு கறை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் மனைவி போட்டிருந்த வெள்ளை சாக்ஸில், கட்டைவிரல் பக்கம் ஒரு சிவப்புக் கறை. பார்த்ததும் கையிலிருந்த காபி ஆறிப்போகும் வரை அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு கறைக்கா இவ்வளவு பயம்? சொல்கிறேன்.

அவளுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. போன வருஷம், கடையில் வாங்கிய சாக்ஸின் தையல் உரசிக் கட்டைவிரல் புண்ணாகிவிட்டது. ஆற மாதக்கணக்கானது. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவரே சொன்னார்: "இனிமே வெள்ளை சாக்ஸ்தான். வலி தெரியாத காலு… ரத்தமாச்சும் கண்ணுக்குத் தெரியட்டும்."

அதனால் நானே பின்ன உட்கார்ந்தேன். மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தபோது எஸ்டேட் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது மேலே தொடங்கி விரலில் முடிக்கும் முறை. முடிக்கிற இடத்தில் தையல் வரும். அந்தத் தையல்தானே எங்களுக்கு எதிரி? தலைகீழாக, விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறிப் பழகினேன். பின்னியதைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

அடுத்தது நூல். தேனிக் கடையில், "வீட்டுல வாங்கியாரச் சொன்னாக" என்றேன். நான் பின்னுகிறேன் என்று சொல்ல வெட்கம்.

"அக்காவையே கூட்டியாங்கண்ணே. தொட்டுப் பாத்து எடுக்கட்டும்" என்றாள் கடைக்காரப் பெண்.

என் மனைவியின் கால் தொட்டுப் பார்த்து என்ன சொல்லப்போகிறது? குத்துகிறதா, இல்லையா என்று அவளுக்காக வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். வாங்கிய நூல்களை ஒவ்வொன்றாக என் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

"என்னண்ணே, சித்திரையிலயே மலைக்கு மாலை போட்டுட்டீகளா?" என்றார் டவுன் பஸ் கண்டக்டர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கம்பளி, ஊர் எல்லை தாண்டும் முன்பே குத்தியது. கலப்பு நூலில் கழுத்து வேர்த்துக் கொட்டியது. பருத்தி நூல்… அதைக் கழுத்தில் சுற்றியிருப்பதே மறந்து, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொல்லித்தான் தெரிந்தது. அதிலேயே பின்னினேன்.

அந்த சாக்ஸில்தான் இப்போது கறை.

"காலை நீட்டு" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க." காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாக்ஸைக் கழற்றினேன். விரல் விரலாக விலக்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. சாக்ஸை முகர்ந்தேன். பன்னீர் திராட்சை வாசம்.

"தோட்டத்துக்குப் போனியா?"

"பழம் வெட்டு நடக்குதுல்ல. சும்மா எட்டிப் பாத்தேன். செருப்போடதான் போனேன். கீழ கெடந்த பழம் விரல் பக்கம் நசுங்கிருச்சு… அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீக?"

போகக் கூடாது என்று தலைபாடாகச் சொல்லியிருந்தேன். கோபம் வர வேண்டும். சிரிப்புதான் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"அடுத்த ஜோடியைத் திராட்சைக் கலர்லயே பின்னிருங்க. உங்களுக்கும் பயமில்ல, எனக்கும் துவைக்கிற வேலை மிச்சம்" என்றாள்.

முடியாது. வெள்ளைதான். அவள் தோட்டத்துக்குப் போவதும் எனக்குத் தெரிய வேண்டாமா?