எண்ணெய்க் கப்பலும் என் மூன்று சக்கரமும்

இலங்கை மலைநாட்டில், எங்கள் பொகவந்தலாவையில் ஆட்டோ ஓட்ட லைசென்ஸைவிட உலக அரசியல்தான் அதிகம் தேவைப்படுகிறது. பெற்றோல் வரிசையில் நின்று கால் வீங்கிய உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

தராசு

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் மாரியாயியின் மகள் செல்விக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. "எந்நேரமும் என் ஆட்டோ இருக்கு" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கடைவீதிக்குப் போகும்போது மாரியாயிக்குப் பாடமும் எடுத்தேன். ஈரான் எண்ணெய்க்கு நாம் தேயிலை அனுப்புகிறோம், அமெரிக்கா முறைக்கிறது, வங்கிகள் பயப்படுகின்றன, சின்ன நாடு நாம், என்ன செய்ய? இதெல்லாம் லேசில் புரியாது என்றேன்.

"இதுல என்னாண்ணே புரியாம இருக்கு? நாங்க இருபது கிலோ எடுத்தாலும் ஈரக்கொழுந்துன்னு ரெண்டு கிலோவ வெட்டிடுறாங்க. தராசு அவங்க கையில."

வரிசை

மறுநாள் பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் ஏற்றிய பவுசர் லொறி வந்தது. எஞ்சினை அணைத்து, வண்டியைக் கையால் தள்ளித் தள்ளி முன்னேறுவது எங்கள் வழக்கம். பின்னால் மோட்டார் சைக்கிளோடு ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார். படித்த மனிதர் கிடைத்தால் விடுவேனா? திரும்பி நின்று, கொழும்புக்கு வெளியே காத்துக்கிடக்கும் எண்ணெய்க் கப்பலில் ஆரம்பித்தேன். வளைகுடாவில் ஒரு ஷேக்குக்கு ஆலோசனை சொன்னதாகவும் அடித்துவிட்டேன். நான் கண்டியைத் தாண்டியதில்லை.

வாத்தியார் மரியாதைக்காரர், பொறுமையாகக் கேட்டார். "ஐயா, கப்பலை விடுங்கோ. உங்களுக்கு முன்னால நிண்ட ஆட்டோவைக் காணேல்லை. எங்களுக்குப் பின்னால நிண்டதெல்லாம் முந்திப் போயிட்டுது."

இறக்கம்

நான் பம்பைத் தொட்டபோது பெற்றோல் தீர்ந்திருந்தது. அடுத்த நாள் காலையே செல்விக்கு வலி எடுத்துவிட்டது. டேங்கில் ஒரு மடக்குதான். நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் இறக்கம். நியூட்ரலில் உருட்டினேன். ஒரு வளைவில் பஸ்ஸையே முந்தினேன், நம்பாவிட்டால் போங்கள்.

கடைசி ஏற்றத்தில், ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், வண்டி இருமி நின்றது. உள்ளே செல்வி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாரியாயி இறங்கிப் பின்னால் தோள் கொடுத்தாள். நான் ஹேண்டிலைப் பிடித்து நடந்துகொண்டே, மூச்சிரைக்க, இதற்கெல்லாம் காரணம் அமெரிக்காதான் என்று தொடங்கினேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"உங்க பேச்சுல ஓடுற வண்டியா இருந்தா இந்நேரம் ஈரானுக்கே போயிருப்போம். தள்ளுங்கண்ணே."

அரை மணியில் செல்விக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே நின்ற எனக்கு விளங்கியதெல்லாம், பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டால் எங்கள் மலையில் யாரோ ஒருத்தி வண்டி தள்ளவேண்டியிருக்கிறது, அதற்கு விளக்கம் சொல்ல என்னைப்போல் ஒருவன் பக்கத்தில் நடந்துவருகிறான் என்பதுதான்.