பதில் பலகாரம்

எங்கள் எவர்சில்வர் டப்பா அப்படிப் பளபளத்து நான் பார்த்ததே இல்லை. முந்தின நாள் தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்த டப்பா அது. மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டு ஜப்பானிய அம்மாள் அதை ஒரு நீலத் துணியில் முடிந்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். அவிழ்த்துப் பார்த்தால், சிவப்புப் பயறை இனிப்பாக மசித்து உள்ளே வைத்த அரிசிமாவு உருண்டைகள். நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று தெரிந்த ஒருவர், கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த ஹில்ஸ்பரோவில், அதுவும் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சந்தோஷத்தில் நான் அடித்த கூத்தால்தான் அவர் இன்று பக்கத்து வீட்டில் இல்லை.

முந்தின நாள் நான் டப்பாவை நீட்டியபோது அவர் குனிந்து "சுமிமாசேன்" என்றார். பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்கும் என் மகளிடம் அர்த்தம் கேட்டேன். "இட் மீன்ஸ் சாரி. ஆல்ஸோ தேங்க்ஸ்" என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். அதிரசம் வாங்கிக்கொண்டவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நாமெல்லாம் நன்றி சொன்னாலே "நமக்குள்ள என்ன தேங்க்ஸ்" என்று கோபித்துக்கொள்கிற ஜாதி. என்னவோ அவர்கள் மரியாதை என்று விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை அன்றைக்கே கொஞ்சம் கிளறியிருக்க வேண்டும்.

அவருடைய கொழுக்கட்டைக்குப் பதிலாக நான் கேசரி கொண்டுபோனேன். கேசரிக்குப் பதிலாக, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றிய பேரிக்காய்கள் வந்தன. எங்கள் தோட்டத்து ஃபீஜோவாப் பழம் போனது, அவர் போட்ட முள்ளங்கி ஊறுகாய் வந்தது. "என்னடி இது, சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்புற மாதிரி அனுப்பிக்கிட்டே இருக்க?" என்று கணவர் கிண்டலடித்தார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. எல்லர்ஸ்லி ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வேலியோரம் நின்று "இது எப்படிச் செய்வது?" என்று கேட்க ஒரு ஆள் கிடைத்திருந்தார். இருவருக்கும் ஆங்கிலம் இரவல்தான். ஆனாலும் பேச்சு குறைந்ததில்லை. அவர் என்னை "ஓக்குசான்" என்பார், வீட்டம்மா என்பது போன்ற மரியாதைச் சொல். நான் அவரை ஆன்ட்டி என்பேன்.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய கணவர் இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட விடக் கூடாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். தினமும் ஆபீஸ் போகுமுன் இட்லியோ பொங்கலோ, திரும்பி வந்ததும் ரசம் சாதமோ கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வந்து, வலிக்கிற முழங்காலோடு முழுசாகக் குனிந்து, சுமிமாசேன் என்றார். காரியமெல்லாம் முடிந்தபின் பதில்கள் வரத் தொடங்கின. தேயிலை, சோப்பு, சர்க்கரை, வறுத்த கடற்பாசி, எல்லாம் மடிப்புக் கலையாத தாளில். நான் விடுவேனா? புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று அதற்கும் பதிலாக அடை சுட்டுக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை த்ரீ கிங்ஸ் கடைகளுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில் அவர் மழையில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். மடியில் ஒரு பையை அணைத்தபடி வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் அந்தப் பையையே என்னிடம் கொடுத்தார். அடைக்குப் பதில். மறுநாள் காலையில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அது காரில் ஏற்றிக்கொண்டதற்குப் பதில்! நான் வீட்டுக்குள் வந்து சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, யூ ஆர் நாட் கிவ்விங் ஹெர் ஃபுட். யூ ஆர் கிவ்விங் ஹெர் ஹோம்வொர்க்" என்றாள். நான் கொடுப்பது சாப்பாடு இல்லையாம், வீட்டுப்பாடமாம். பிறகுதான் உட்கார்ந்து விளக்கினாள். ஜப்பானில் ஒருவரிடம் ஒன்று வாங்கினால் அதற்கு ஏற்றாற்போலத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். சாவுக்குச் செய்ததை மறக்கவே கூடாது. அதற்குத் தேயிலை, சோப்பு என்று கரைந்துபோகிற பொருளாகப் பார்த்துக் கொடுப்பது துக்கமும் தங்காமல் கரையட்டும் என்றுதான். சுமிமாசேன் என்ற சொல்லுக்கே அடியில் இருப்பது "இது இன்னும் தீரவில்லை" என்பதுதான் என்று அவள் டீச்சர் சொன்னாராம். அந்த அம்மாள் வாசலில் நின்று என்னிடம் ஒவ்வொரு தடவையும் சொன்னது அதுதான். தீரவில்லை, தீரவில்லை. நானோ புன்னகையோடு அடுத்த டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றோடு நிறுத்தினேன். நான் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது, நிறுத்துவதிலும் அப்படித்தான். டப்பா போவது நின்றது. வேலியோரம் நின்று பேசினால் ஏதாவது கொண்டுவந்துவிடுவாரோ என்று அதையும் குறைத்தேன். அவர் தோட்டத்தில் இருந்தால் காரிலிருந்து இறங்கி, கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். பொங்கல் வந்தது, அதற்கும் எதுவும் கொடுக்கவில்லை. பால் பொங்கியபோது அவர் நினைவு வந்து கை பரபரத்தது. பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதையெல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

கோடை முடிகிற சமயத்தில் அவர் வந்தார். வெளியே போவதற்கான உடையில், கையில் தாளில் சுற்றிய பெரிய பெட்டியோடு. வீடு விற்றுவிட்டதாகவும், ஜப்பானில் தங்கையோடு போய் இருக்கப்போவதாகவும் சொன்னார். ஊரைவிட்டுப் போகுமுன் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு போவது வழக்கம் என்றார். நான் உள்ளே அழைத்தேன், வரவில்லை. பிறகு, ஒத்திகை பார்த்து வந்ததைப் போல நிதானமாகப் பேசினார். கணவர் போனபின் என்னை அதிகம் சார்ந்துவிட்டாராம். நான் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டதாம். "உங்களுக்குப் பாரமாகிவிட்டேன், ஓக்குசான். நீங்கள் முகம் நோகாமல் தெரியப்படுத்தினீர்கள். அது உங்கள் நல்ல மனசு."

சொல்லாததைப் புரிந்துகொள்வதுதான் அவர்கள் ஊரில் பண்பு என்று மகள் பிறகு சொன்னாள். என் மௌனத்தை அவர் அந்தப் பண்போடு படித்திருக்கிறார். நான் "இல்லை ஆன்ட்டி, அது அப்படி இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதையும் அவர் மரியாதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு தலையசைத்தார். போகும்போது, சொல்லக் கூடாததைச் சொல்கிறவர் போல ஒன்று சொன்னார். கணவர் போனபின் வீட்டைவிட்டு வெளியே இறங்குவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் இருந்ததாம். உங்களுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு பஸ் ஏறுவது ஒன்றுதான் இருந்தது, அந்த நாட்களுக்கு நன்றி என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது அந்த வீட்டில் சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள்தான், வேலிக்கு மேலே கையாட்டுவார்கள். ஜப்பான் விலாசம் என்னிடம் இருக்கிறது. "ஜஸ்ட் டெல் ஹெர், அம்மா. ஐ'ல் ரைட் இட் இன் ஜாப்பனீஸ்" என்று மகள் பல தடவை சொல்லிவிட்டாள். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தவறாகப் புரிந்துகொண்டு என்னை வருத்திவிட்டோமே என்று துடித்துப்போவார். அந்த முழங்காலோடு கடைக்குப் போய், பெட்டி கட்டி, தபாலுக்கு வரிசையில் நிற்பார். "வேணாம்டி, அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று மகளிடம் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் எங்கே நிம்மதியாக இருக்கப்போகிறார்? நல்ல மனசுக்காரி ஒருத்திக்குப் பாரமாக இருந்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு அல்லவா அங்கே உட்கார்ந்திருப்பார். பாரம் நீங்கள் இல்லை ஆன்ட்டி, நான்தான் என்பதை அவருக்கு வலிக்காமல் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை.