பெருமாட்டிக்காரரின் முப்பத்துநான்கு துடிப்பு

பெருமாட்டியிலிருந்து ஆம்புலன்சில் வந்த பழனிச்சாமிக்கு நாடி நிமிஷத்துக்கு முப்பத்துநான்குதான். வயது எழுபத்தெட்டு, தென்னை விவசாயி, ஹார்ட் ஃபெயிலியருக்கு என்னிடம் மருந்து சாப்பிடுபவர். ஈசிஜியை ஒரு பார்வை பார்த்தேன். வருஷக்கணக்காக முதியவர்களின் இதயத்தையே பார்த்தவனுக்கு இரண்டாவது பார்வை கௌரவக் குறைச்சல்.

"வயசாச்சும்மா, இதயத்தோட வயரிங் போச்சு. பேஸ்மேக்கர் வெச்சாத்தான் பிழைப்பார்" என்று அவர் மனைவி சரஸ்வதியிடம் சொல்லிவிட்டு, அதைப் பொருத்தும் கேத் லேபைத் தயார் செய்யச் சொன்னேன்.

சம்மதப் பத்திரத்தை வாங்கிக்கொண்ட அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை.

"ஏனுங்க டாக்டர், போன வாரம் மோட்டார் ரூமுக்கும் ஊட்டுக்கும் நாலு நடை நடந்தவருங்க. ஒரே வாரத்துலயா வயசாயிருச்சு?"

கோபம் வந்தது. கேள்வி சரியாக இருந்தால் எனக்கு அப்படித்தான். "புதுசா ஏதாவது சாப்பிட்டாரா?" என்று மடக்கினேன்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க சொன்னாப்புல ஒரு லிட்டருக்கு மேல பச்சத்தண்ணி குடுக்கலீங்க. தாகம்னா எளநி வெட்டிக் குடுப்போமுங்க. இந்த வெயிலுக்கு நாளைக்கு ஆறு, ஏழு போகுமுங்க."

இளநீரில் பொட்டாசியம் அதிகம். நான் கொடுத்த மாத்திரையோ பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு குறைந்து, நின்றே போகலாம். ஈசிஜியைத் திரும்ப எடுத்தேன். பொட்டாசியம் ஏறியதற்கு அடையாளமாக டி அலைகள் கூடாரம் போட்டு நின்றன, எம்.பி.பி.எஸ். மாணவன்கூடக் கண்டுபிடித்திருப்பான். கேத் லேபை நிறுத்தி, கால்சியம் ஊசி போட்டு, இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சாயங்காலம் நாடி எழுபது. பழனிச்சாமி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

"இளநீரும் தண்ணிதானே? இதுகூடத் தெரியாதா?" என்று அவரைத் திட்ட ஆரம்பித்தேன்.

சரஸ்வதி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கைப்பட எழுதிய பத்தியப் பட்டியல், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு.

"இதுல எளநி எங்கீங்க எழுதியிருக்குது?"

எங்கேயும் இல்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருபது வருஷம் இதயம் பார்த்தவன் எழுதிய பட்டியல் அது. வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதாம்மா" என்றேன்.

"அப்ப அவரை வையாதீங்க" என்று பேனாவை நீட்டினார். பட்டியலின் கடைசியில் இளநீரை எழுதிக் கொடுத்தேன்.

இளம் டாக்டர்களே, வயதானவர் யார் வந்தாலும் இப்போதெல்லாம் அவருக்கு நான் முன்பு எழுதிக் கொடுத்ததைத்தான் முதலில் படிக்கிறேன். அவர் வயதை அப்புறம்தான் பார்க்கிறேன்.