பிறவுண் பேப்பர் போட்ட தவளை

அந்த அலமாரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். இடுப்பளவு உயரம். சிறுவர் பகுதியின் மூலையில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேலே 'தமிழ்' என்று எழுதிய ஓர் அட்டை. எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் நல்லவர்கள். பிழை எங்கள் ஆட்களுடையது.

எண்பதுகளின் கடைசி. ஊரை விட்டு வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, செவன் கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. நான் மத்தியானத்துக்குப் பிறகு சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலைக்குப் போவேன். மகளுக்கு எட்டு வயது. தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். சாப்பிட்டியோ என்றால் 'யெஸ்'. ஏன் அழுகிறாய் என்றால் நீளமாக ஏதோ சொல்லுவாள், பாதி எனக்கு விளங்காது. என்னுடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். ரொட்டி, வெண்ணெய், கெதியாகச் செய், மன்னியுங்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு எவ்வளவு தூரம் பேச முடியும்? இன்னும் கொஞ்சக் காலம் போனால் இவளும் நானும் ஒரே வீட்டில் ஊமைகள் மாதிரி இருப்போம் என்று பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "வீட்டிலை தமிழ் கதையுங்கோ" என்று புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். நான் கதைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள்தான் கதைக்கவில்லை.

ஆனால் புத்தகம் என்றால் அவளுக்குப் பைத்தியம். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போனால் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். தவளை, எரிமலை, நட்சத்திரம், எலும்புக்கூடு. எல்லாம் ஆங்கிலம். இதே தவளை தமிழில் இருந்தால் இவள் தமிழில் படிப்பாளே என்று அங்கே நின்றுதான் யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து, சிறுவர் பகுதியைக் கவனிக்கும் பெண் ஒரு சேதி சொன்னாள். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க கவுன்சில் சம்மதித்திருக்கிறது, எங்களுக்குத் தமிழ் தெரியாது, எதை வாங்கலாம் என்று நீங்களே பரிந்துரையுங்கள் என்றாள். நான் அதை, மகள் தமிழ் எழுத்துப் படித்த எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். ஊரில் பெரிய வாத்தியாராக இருந்தவர். ஹோம் ஆபிஸுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றால் எங்களில் பாதிப் பேர் அவரிடம்தான் போவோம். எங்கள் அகதி வழக்குக்கும் அவர்தான் எழுதினார், இன்னும் ஒரு கடிதம் எழுதவும் இருந்தது. அவர் என்ன பேசினாலும் ஊரில் எரிக்கப்பட்ட எங்கள் நூலகத்தின் கதையில்தான் தொடங்குவார். அன்றைக்கும் அங்கேதான் தொடங்கினார். முடித்த பிறகு சென்னையிலிருந்து வந்த விலைப்பட்டியலை விரித்தார்.

"முதல்லை நீதி நூல். பேந்து சமயம். பேந்து இலக்கணம்."

"தவளையைப் பற்றி ஒண்டும் இல்லையோ மாஸ்டர்?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"தவளையோ? தவளையைப் படிக்கவோ தங்கச்சி பிளேன் ஏறி வந்தனீங்கள்?"

"என்ரை பிள்ளை தவளையைத்தான் படிக்குது. இங்கிலீசிலை படிக்குது. தமிழிலை இருந்தால் தமிழிலை படிக்கும்."

"அப்ப ஒழுக்கம் வேண்டாமோ?"

"ஒழுக்கத்தை நான் வீட்டிலை குடுக்கிறன். நீங்கள் தவளையைத் தாங்கோ."

கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு டாக்டரின் மனைவி, மதுரைக்காரி, கையைத் தூக்கினாள்.

"ஆமாங்க, அவங்க சொல்றது சரிதான். என் பையனுக்கு ராக்கெட்னா சோறே வேண்டாம். நீதி நூலைக் காட்டினா தூங்கிடுவான்."

பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. எங்கள் பாதியில் தவளை, எரிமலை, ராக்கெட், கப்பல், தேனீ, மனித உடம்பு, பட்டம் கட்டும் விதம், ஒரு துப்பறியும் கதை. பேய்க்கதை ஒன்றையும் கேட்டேன். மாஸ்டர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

தைப்பொங்கல் கழிந்து புத்தகப் பெட்டி வந்தது. வேலைக்குப் போகிற வழியில் நூலகத்துக்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன். மட்டமான கடதாசிதான். ஆனால் மட்டைகளைப் பார்க்க வேண்டும்! மஞ்சளில் ஒரு பச்சைத் தவளை. மை கோட்டை விட்டு வெளியே வழிந்திருந்தது. கண் இரண்டும் பிதுங்கி, இப்போதே பாயப்போகிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தது. அதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கை வைக்கும்.

நூலகப் பெண் ஒன்றை மட்டும் சொல்லி வைத்தாள். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பார்கள். புத்தகங்கள் வெளியே போகாவிட்டால் அலமாரியை வேறு பாஷைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை முடிவு செய்ய மேலதிகாரி ஒருவர் நேரில் வருவார்.

அடுத்த சனிக்கிழமை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். நேரே அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

எல்லாம் பிறவுண் பேப்பர். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் ஒரே மண்நிறம். தவளை இல்லை, ராக்கெட் இல்லை, ஒன்றும் இல்லை. முதுகில் மாஸ்டரின் அழகான கையெழுத்தில் எண் மட்டும். எந்த எண் எந்தப் புத்தகம் என்று தெரிய வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும். வார நாளொன்றில், நான் வேலையில் நின்ற நேரம், நாலைந்து தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் உறை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் பள்ளித் தவணை தொடங்கினால் நாங்கள் செய்வோமே, அதே மாதிரி. இது பள்ளிக்கூடப் புத்தகம் இல்லை, அலமாரியில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட வேண்டிய புத்தகம் என்று அவ்வளவு படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. உடன் போன ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நூலகப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் முகம் சிவந்தது. "நாங்கள் கண்ணாடி பிளாஸ்டிக்தான் போடுவோம். ஆனால் அவர்கள் கோயிலில் செய்வது போல அவ்வளவு பக்தியாகச் செய்தார்கள். உங்கள் வழக்கம் என்று நினைத்தேன். நாங்கள் கை வைக்கக் கூடாதென்று விட்டுவிட்டேன்."

மகள் ஒன்றை இழுத்துத் திறந்தாள். தேவாரம். இன்னொன்றை இழுத்தாள். இலக்கணம்.

"போரிங், அம்மா. எல்லாம் ஹோம்வேர்க்." இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். பிறகு ஆங்கில அலமாரிக்குப் போய்விட்டாள்.

அந்த உறைகளை அங்கேயே உரித்திருக்கலாம். எழுத இருந்த அந்தக் கடிதம் செய்ய விடவில்லை. வீட்டில் கணவர் கும்பிட்டுக் கேட்டார்.

"இஞ்சரும், மாஸ்டரோடை கொழுவாதையும். கடிதம் எழுதிற வேலை இன்னும் கிடக்கு."

"நான் ஏன் கொழுவுறன்? கேக்கத்தானே போறன்."

"நீர் கேக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதோ?"

கேட்கத்தான் போனேன். பணிவாகவே கேட்டேன். மாஸ்டர் என்னை நிற்க வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"உறை போடாத புத்தகத்தோடை வாற பொடியனை நான் வகுப்புக்கு வெளியிலை விடுறனான். தெரியுமோ?"

"தெரியும் மாஸ்டர். ஆனால் பிள்ளையள் எடுக்கினமில்லை."

"படம் பாத்து எடுக்கிற பிள்ளை படிக்காது. உள்ளுக்கு இருக்கிறதுதான் புத்தகம்."

"உள்ளுக்குப் போகவும் ஒரு வாசல் வேணுமே மாஸ்டர்?"

"கமிற்றியிலை கதைப்பம்."

கமிற்றி கூடுவது ஈஸ்டருக்குப் பிறகு.

வாரங்கள் போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் புத்தகங்களின் பின்மட்டையைத் திறந்து திகதித் தாளைப் பார்ப்பேன். இரவல் போன முத்திரை ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த அலமாரியைத் தாண்டி ஓடினார்கள், ரேடியேட்டரில் கை சூடாக்கினார்கள், ஒருவன் அதன் மேல் ஏறி இருந்தான். ஒருவரும் ஒன்றையும் இழுக்கவில்லை. மகள் அந்த மாதங்களில் வீட்டில் 'அம்மா' என்ற சொல்லைத் தவிரத் தமிழில் எதுவும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை மேலதிகாரி பின்னேரம் வருகிறார் என்று நூலகப் பெண் சொன்னாள். அவளே கவலைப்பட்டுத்தான் சொன்னாள். நான் வேலைக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய் அலமாரிக்கு முன்னால் தரையில் இருந்தேன். முதல் புத்தகத்தை எடுத்து உறையைப் பிடித்துக் கிழித்தேன்.

அமைதியான இடத்தில் தாள் கிழிபடும் சத்தம் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் திரும்பினார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் பிள்ளைகளும் தாய்மாரும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் மாஸ்டர்.

"நில்லுங்கோ! என்ன விசர் வேலை இது?"

நான் நிற்கவில்லை. கப்பல் வெளியே வந்தது. அடுத்தது தேனீ. அந்தக் கடிதம் இனி எழுதப்படாது, ஊருக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று நினைத்துக்கொண்டே கிழித்தேன். தாய்மாரில் ஒருத்தி, "பெரியவருக்கு முன்னாலை இப்பிடியோ?" என்றாள்.

"நீயும்தானே சேந்து மூடினனி? வாயை மூடு," என்றேன்.

மாஸ்டர் கிட்ட வந்தார். குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சி, எரிஞ்சு கிடந்த புத்தகங்களை நான் கையாலை அள்ளினனான். ஒரு புத்தகம் பழுதாகிறதைப் பாக்க எனக்கு ஏலாது."

"அது எரிஞ்சு செத்தது மாஸ்டர். இது மூடிக் கிடந்து சாகுது. இண்டைக்கு ஒருத்தர் வாறார். இந்தத் தாளிலை முத்திரை இல்லாட்டில் எல்லாத்தையும் பெட்டியிலை போட்டுக் கட்டப் போகினம். ஒரு பிள்ளை எடுத்திருக்கோ? திறந்து பாருங்கோ."

அவர் குனிந்து ஒன்றை எடுத்துப் பின்மட்டையைத் திறந்தார். வெறும் தாள். இன்னொன்றைத் திறந்தார். மூன்றாவதையும் திறந்தார். அதற்குள் நான் அடுத்த உறையைப் பிடித்து இழுத்தேன். மட்டையின் ஒரு மூலையும் சேர்ந்து கிழிந்தது.

"கிழிக்காதேங்கோ!" என்று கத்தினார். நூலகத்தில் அவ்வளவு சத்தமாக ஒருவர் கத்தி நான் கேட்டதில்லை. "பசை வைக்கேல்லை. மடிச்சுத்தான் விட்டனான். தாங்கோ இஞ்சை."

என் கையிலிருந்து பிடுங்கினார். இரண்டு மடிப்பை எடுத்துவிட்டார், சட்டை கழற்றுவது போல உறை கழன்றது. அந்த மஞ்சள் மட்டை. தவளை.

"ஏய், ராக்கெட் எங்க?" என்று மதுரைக்காரியின் மகன் எங்களுக்கிடையே புகுந்தான். "அம்மா, ராக்கெட் இருக்குன்னு சொன்னியே!" அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். மாஸ்டர் கழற்றக் கழற்றப் பிள்ளைகள் பறித்தார்கள். அவர், "கையைக் கழுவினனீங்களோ? கையைக் காட்டு!" என்று ஒவ்வொருவனையும் அதட்டிக்கொண்டேயிருந்தார்.

மேலதிகாரி வந்தபோது முத்திரை குத்தும் மேசைக்கு முன்னால் வரிசை. அவர் அலமாரியைப் பார்த்தார். நீதி நூல்கள் மட்டும் சாய்ந்து கிடந்தன. நூலகப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவள் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

மாஸ்டர் உறைகளையெல்லாம் பொறுக்கி, நீவி, மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்கட பிள்ளை புத்தகத்தைப் பழுதாக்கினால் நீங்கள்தான் பதில் சொல்லவேணும்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தை எழுதித் தந்தார். ஆனால் கணவரிடம்தான் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

தவளையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதன் பின்மட்டையில் குழம்புக் கறை இருந்தது. மாஸ்டர் வாசலில் நின்றார். கறை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"பாத்தீங்களோ?"

"பாத்தன் மாஸ்டர். சாப்பிடேக்கையும் கீழை வைக்கேல்லை."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் ஹை றோட்டில் இறங்கி நடந்தோம். பஸ் தரிப்பிடத்தைத் தாண்டியதும் மகள் என் கையை இழுத்தாள்.

"அம்மா. தவளை தண்ணி வாயாலை குடிக்காது. தோலாலை குடிக்கும்."

தமிழில் சொன்னாள். அவள் அதைப் படித்தது தமிழில். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று அந்த நேரம் அவளுக்கு வரவில்லை போலும். நான் நின்றுவிட்டேன். அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று கோபக் குரலில்தான் பேசினேன்.

"சும்மா பொய் சொல்லாதை. தோலாலை எப்பிடிக் குடிக்கிறது?"

"பொய் இல்லை! புத்தகத்திலை இருக்கு! நீங்கள் படிக்கேல்லை, எனக்குத் தெரியும்!"

"எனக்குத் தெரியாத தவளையோ? எங்கட கிணத்தடியிலை எத்தினை தவளை!"

"நீங்கள் பாத்தது மட்டும்தான். படிக்கேல்லை!"

வீடு வரைக்கும் சண்டை பிடித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. விட்டுக்கொடுத்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள்.