வெள்ளிமலையில் ஐம்பது ஸ்கேன்

லாரன்ஸின் சட்டைகள் எல்லாம் கறுப்பு, இல்லாவிட்டால் கருநீலம். ஜெராக்ஸ் மெஷினின் டோனர் தூள் பட்டால் வெள்ளைத் துணி அன்றோடு சரி. கல்யாணச் சட்டையைக்கூட அவன் மனைவி அனிட்டா சாம்பல் நிறத்தில்தான் எடுத்தாள். "எப்படியும் ஒரு நாளு இதப் போட்டுக்கினு மெஷினத் தொறப்ப" என்றாள். அவள் சொன்னபடிதான் நடந்தது.

எலவனாசூர்கோட்டைக்காரன். அப்பா பிலிப்பு கரும்பு வெட்டுகிற கூலி. அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் லாரன்ஸ்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஜான் பாஷாவின் கடையில் ஒன்பது வருஷமாக மெக்கானிக். ஆள் அதிகம் பேசமாட்டான். மெஷினின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டால் சுற்றி நிற்பவர்கள் அவனை மறந்துவிடுவார்கள். அது அவனுக்கு வசதியாக இருந்தது.

இதற்கு முன் வேறு ஊரில், வேறொரு கடையில் வேலை பார்த்தான். அங்கே ஒரு வக்கீல் ஆபீசில் புது மெஷினுக்கு வயரை மாற்றிச் செருகி, போர்டு புகைந்துபோனது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "என் தப்புதாங்க" என்றான். அன்று சாயங்காலமே கடைக்காரர் அவனுடைய டூல்ஸ் பையை வாங்கி வைத்துக்கொண்டார். எட்டு மாதம் அப்பாவோடு கரும்பு வெட்டினான். கரும்புச் சோகை கிழித்த கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் பிலிப்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன்ன யாருனா கேட்டாங்களாடா? நீயா எதுக்கு சொன்ன?"

போன வருஷம் ஜூன் மாதம் வெள்ளிமலையில் ஒரு அறக்கட்டளை ஆபீசுக்குப் புது மெஷின் போனது. கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வாங்கித் தருகிறவர்கள். முன்னறையில் மலர்விழி என்ற பெண் மனுக்களை வாங்குவாள். உள்ளறையில் மேனேஜர் தனசேகரன் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவார். அதுவரை பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அறைக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். இனிமேல் முன்னறை மெஷினில் ஸ்கேன் போட்டால், நெட்வொர்க் வழியாக உள்ளறைக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரில் தானாகப் போய் விழ வேண்டும். அதற்குத்தான் லாரன்ஸ் போயிருந்தான்.

வேலை பெரிய வேலை இல்லை. ஃபோல்டரைத் திறந்து விட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் நம்பரை மெஷினில் எழுத வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. அந்த எண்ணை ரவுட்டர் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் மாற்றிக் கொடுத்தாலும் கொடுக்கும். மாறாதபடி நிறுத்திவைக்க ரவுட்டரின் பாஸ்வேர்டு வேண்டும்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கேட்டு வெக்கிறேன், அடுத்த தடவ வந்து பாரு" என்றார் தனசேகரன்.

இரண்டரை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் கீழே இறங்க ஐந்தரை. எண்ணை நிறுத்தாமலே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்றையும் செய்திருந்தான். ஸ்கேன் போய்ச் சேராவிட்டால் மெஷின் தானாகவே ஒரு தாளை அச்சடித்துத் துப்பும், 'போகவில்லை' என்று. ஜான் பாஷாவின் கடையில், எந்த ஊரில் எந்த மெஷினை வைத்தாலும் முதல் வேலையாக அதை நிறுத்திவிடுவார்கள். "பேப்பர் வேஸ்ட் பண்ணுதுன்னு டெய்லி போன் பண்ணி உசுர வாங்குவானுங்கடா" என்பார் பாய். லாரன்ஸின் விரல்களுக்கு அது மனப்பாடம்.

பையை மாட்டிக்கொண்டே மலர்விழியிடம் சொன்னான்: "பச்சை எரிஞ்சா போயிடுச்சுன்னு அர்த்தம்மா."

பச்சை எரிந்தால் மெஷின் தாளைப் படித்துவிட்டது என்றுதான் அர்த்தம். போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். இவ்வளவையும் விளக்க பஸ் நிற்காது.

ஆடி மாதக் காற்றில் மலையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்தபோது உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு வேறு எண். அதன்பின் மலர்விழி போட்ட எதுவும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பச்சை எரிந்தது. அசல்களைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுத்து, "நல்லபடியா வரும், போங்க" என்றும் சொல்லி அனுப்பினாள். தனசேகரன் மனு அனுப்ப வேண்டிய கடைசி நாளன்றுதான் ஃபோல்டரைத் திறந்தார். இருந்ததை ஏற்றினார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பேர் அதில் இல்லை.

பத்து நாள் கழித்து லாரன்ஸை வரச்சொன்னார்கள். அவன் போனபோது தனசேகரன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, மெஷின் சரியா தப்பா, ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடு. இன்னிக்கு மேலிடத்துக்கு அனுப்பணும். இந்தப் பொண்ணு போட்டேன் போட்டேன்னுது. போட்டா எங்க போச்சு? ஆவியா போச்சா?"

மலர்விழி மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மேலே வந்து போகிறவள். ஒப்பந்த வேலை. "ஒவ்வொண்ணா என் கையாலதான் வெச்சேன் சார்" என்றாள். பல முறை சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்துபோயிருந்தது.

லாரன்ஸ் மெஷினின் திரையில் வேலைப் பட்டியலைத் திறந்தான். கடைசி ஐம்பது வேலைகளை அது வைத்திருக்கும். முப்பத்தெட்டு வரிகள், தேதியோடு, நேரத்தோடு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் சின்னதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. எதிரில் நிற்கிற பெண் பொய் சொல்லவில்லை என்று மெஷினே எழுதி வைத்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் தாளில் வந்துவிடும்.

அழுத்தவில்லை. வெளியே போய், புளியமரத்தடியில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று, ஜான் பாஷாவுக்கு போன் போட்டான்.

"நம்ம தப்புதான் பாய். நம்பர ஃபிக்ஸ் பண்ணாம வந்துட்டேன். ரிப்போர்ட்டும் ஆஃப்."

"சத்தமா சொல்லாதடா. பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல பாய்."

"அவங்க ஹாஸ்டலுங்க எல்லாத்துக்கும் மெஷின் கேட்டுக்கினு இருக்காங்க. இப்பப் போயி நம்ம தப்புன்னு எழுதினா கடைய மூடிக்கினு போகவேண்டியதுதான். லிஸ்ட அழிச்சிடு."

"அழிக்கிற பாஸ்வேர்டு கம்பெனிக்காரன் கிட்டதான் கீது."

"அப்ப டெஸ்ட் பண்றேன்னு ஸ்கேன் போட்டுக்கினே இரு. அம்பது போட்டா பழசு தானா வெளிய போய்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லாரன்ஸு, நீ வேணும்னா செஞ்ச? இல்ல. அவ்ளோதான். ஆபீஸ்ல அந்தப் பொண்ண ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளே வந்தான். இப்போது ரவுட்டரின் பாஸ்வேர்டு தயாராக இருந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணை நிறுத்தினான். தோல்வித் தாளை அச்சடிக்கும் வசதியையும் போட்டுவிட்டான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் ஸ்கேன் உள்ளறையில் போய் விழுந்தது.

"ஓக்கேவாண்ணா?" என்று மலர்விழி எட்டிப் பார்த்தாள்.

"அம்பது போட்டுப் பாக்கணும்மா. அப்பதான் நம்பலாம்."

"அம்பதா? நான் வெக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் வெள்ளைத் தாளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்தாள். மூடினாள். அழுத்தினாள். எண்ணினாள். "பதிமூணு, பச்ச. பதினாலு, பச்ச." ஒவ்வொன்று போகும்போதும் பட்டியலின் அடியிலிருந்து ஒரு வரி காணாமல் போனது. திரையை அவன் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். இருபதைத் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். மலையில் இன்னாடு ஊர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா நேற்று வந்தாளாம். "எம் பொண்ணு பேரு மட்டும் ஏன் இல்லன்னு கேட்டாங்கண்ணா. நான் இன்னான்னு சொல்றது? அவங்க மொகத்தப் பாக்கவே முடியல."

"முப்பத்தொண்ணு" என்றான் லாரன்ஸ்.

"ஆமால்ல, விட்டுட்டேன். முப்பத்தொண்ணு, பச்ச."

ஐம்பதாவது போனபோது பட்டியல் முழுக்க வெள்ளைத் தாள்கள்தான் இருந்தன. எல்லாம் சரி, எல்லாம் சென்றது.

சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, மூன்று பிரதிக்கும் கார்பன் வைத்து, 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. குறை ஏதுமில்லை' என்று எழுதினான். வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. தனசேகரன் உள்ளிருந்தபடியே கையை ஆட்டினார். "அவகிட்டயே வாங்கிக்கோ. இன்னிக்கு வரைக்கும் அவதான அந்த சீட்டு."

மலர்விழி வாசித்தாள். பேனாவைத் திறந்தவள் எழுதாமல் நிமிர்ந்தாள்.

"அண்ணா, நான் அன்னிக்குப் போட்டதெல்லாம் மெஷின்ல எங்கனா பதிஞ்சிருக்காதா?"

"இல்லம்மா."

அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். கார்பனில் மூன்றாவது பிரதிவரை விழ வேண்டும் என்று நன்றாக அழுத்திப் போட்டாள்.

இரண்டரை பஸ்ஸில் கூட்டம். லாரன்ஸ் டூல்ஸ் பையோடு ஏறியபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மலர்விழி கைக்குட்டை போட்டு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். மடியில் ஒரு கட்டைப்பை. அதில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மேஜையிலிருந்து எடுத்த ஒரு சின்ன மாதா படம்.

"இங்க வாங்கண்ணா. பை கனமா இருக்கும்."

உட்கார்ந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் கம்பியைப் பிடித்து, அவள் மேல் தோள் படாமல் பார்த்துக்கொண்டான். கோமுகி அணை தெரிந்தபோது அவள் கேட்டாள்.

"உங்க கடையில எதுனா வேல இருந்தா சொல்றீங்களா? மெஷின் வேல எனக்கு வரும்ணா. அம்பதும் ஒண்ணுகூடத் தப்பல, பாத்தீங்கல்ல?"

"பாய்கிட்ட கேக்கறேன்."

டிக்கெட்டின் பின்னால் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, கச்சிராயபாளையத்தில் இறங்கினாள்.

அவன் பாயிடம் கேட்கவில்லை. அடுத்த மாதமே விடுதிகளின் ஆர்டர் வந்தது. எல்லா மெஷினையும் லாரன்ஸ்தான் போய் வைத்தான். வெள்ளிமலைக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பச் சொன்னான்.

"ஏன்டா?" என்றார் ஜான் பாஷா.

"மலை பஸ்ஸுல வாந்தி வருது பாய்."

பாய் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சரி என்று கடையின் இன்னொரு மெக்கானிக் அஜித்தைக் கூப்பிட்டார்.